பேனரின் மறுமுனை

மாணவர் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை அன்று காலை நாற்பத்தொரு லட்சத்தைத் தாண்டியது. தலைமை உற்சாகமாக எல்லாக் கிளைகளுக்கும் லட்டு அனுப்பியிருந்தது.

தக்கலை கல்லூரிக் கிளைச் செயலாளர் ஜெனிஷின் காலடியில் டப்பா பிரிக்கப்படாமல் கிடந்தது. ‘இங்கே பஸ் நிற்க வேண்டும்’ என்ற பேனரை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி அவன் கல்லூரி வாசலில் தனியாக நின்றான். மற்ற உறுப்பினர்களுக்குப் பதிலாக அவரவர் கைபேசியில் இருக்கும் ‘நிழல்’ என்ற செயற்கை அறிவுப் பதிலிகள் இணையத்தில் போராடிக்கொண்டிருந்தன. கூட்டம், கோஷம், மனு எல்லாவற்றையும் நிழலே பார்த்துக்கொள்ளும்.

அவன் இப்படி நின்றும் பத்து நாட்களாகப் பஸ் நிற்காமலே போனது. இது பதினோராவது நாள்.

“நானும் பிடிக்கட்டா அண்ணா?” முதலாண்டு அபிஷா வந்து நின்றாள்.

“உனக்குப் பதிலா உன் நிழல் போராடுமே?”

“போன் கிணத்துல விழுந்துட்டு. அதான் நானே வந்தேன்.”

அவள் பேனரின் ஒரு முனையை வாங்கிக்கொண்டாள். ஜெனிஷுக்கு ஒரு கை சும்மா இருந்தது. தூரத்தில் பஸ்ஸைப் பார்த்ததும் அந்தக் கை தானாக உயர்ந்தது.

பஸ் நின்றுவிட்டது.

இருவரும் கத்திக்கொண்டே ஓடிப்போய் ஏறினார்கள். ஜெனிஷ் கையோடு எடுத்துவந்த டப்பாவைப் பிரித்து முதல் லட்டை டிரைவரிடம் நீட்டினான். “நாப்பத்தொரு லட்சம் பேர் கேட்டோம், நிக்கல. இன்னைக்கு எப்படிண்ணே?”

டிரைவர் லட்டைக் கடித்துக்கொண்டே சொன்னார்: “அத்தனை பேர்ல ஒருத்தருகூட கை காட்டலியே மக்களே!”