ஹெட்போன் ஓட்டை இல்லாத ஆம்ப்

"ஹெட்போன் மாட்டுற ஓட்டையே இல்லாத ஆம்ப் இருக்கா?"

பெனிட்டா கேட்டதும் இசைக்கருவிக் கடைக்காரர் அவள் புருஷனைப் பார்த்தார். வாசிப்பது யார், வாங்குவது யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அவன் சுவரில் தொங்கிய கிதார்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் கையிலிருந்த பையில், கிதாரைச் செருகி வாசிக்கும் மாடலிங் பெட்டி. உள்ளங்கை அகலம்தான். கிதார் ஒலியைப் பெருக்கும் நூறு ஆம்ப்களின் குரலையும் அச்சு அசலாகக் கொண்டுவந்து, ஹெட்போன் வழியாகக் காதுக்குள் மட்டும் கொட்டும். வீட்டில் வயதானவர் இருக்கிறார், அவர் தூக்கம் கெடக்கூடாது என்று தேடித் தேடி வாங்கியது. இன்று மாற்றிக்கொள்ள வந்திருக்கிறார்கள்.

"நல்ல பீஸாச்சே சார். என்ன கம்ப்ளைன்ட்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் பெனிட்டா முந்திக்கொண்டாள்.

"இவங்க அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. இவரு பக்கத்து ரூம்ல இதை மாட்டிக்கிட்டு வாசிச்சிட்டு இருந்திருக்காரு. பாவம், எப்படிக் கேக்கும்?"

பாவம்.

ஒரு மாதமாக எல்லோரும் அவனுக்கு இதையேதான் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அக்கா சொன்னாள். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த அப்பாவே சொன்னார்: "அவன் காதுல அது இருந்துச்சு. அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருக்கலாம்.

ஏனென்றால் அவனுக்குக் கேட்டது.

"தம்பி" என்று ஒரு முறை. மெல்லிசாகத்தான். துண்டு கேட்பார் என்று நினைத்தான். பாட்டில் இந்த ஒரு இடம் மட்டும் சரியாக விழட்டும், போகலாம். மூன்று நாளாக விரலுக்குள் வராமல் டிமிக்கி கொடுத்த இடம்.

இன்னொரு "தம்பி".

அதுவும் கேட்டது. சும்மா சும்மா கூப்பிடுகிறாரே என்று எரிச்சல்கூட வந்தது. வால்யூமைக் கொஞ்சம் கூட்டினான்.

அதற்கப்புறமும் முக்கால் மணி நேரம் வாசித்தான்.

அந்த இடம் அன்றைக்குத்தான் சுத்தமாக வந்தது.

கடைக்காரர் குட்டி ஆம்ப் ஒன்றை மேசைமேல் தூக்கி வைத்தார். ஐந்து வாட். ஹெட்போன் ஓட்டை இதிலும் உண்டு, வேண்டாமென்றால் மாட்டாமல் விட்டுவிடலாம் என்றார். பேசும் சத்தத்துக்குக் குறைத்து வாசித்தாலும் ஒலி நன்றாக வரும் என்றார்.

பெனிட்டாவுக்குப் பிடித்துவிட்டது.

"இதையே எடுத்துக்கலாங்க. இனிமே மாமா கூப்பிட்டா கேக்கும். உங்க மேல என்ன தப்பு? எல்லாம் இந்தச் சனியன் பண்ணின வேலை."

பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டியை விரலால் ஒரு தட்டு தட்டினாள்.

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வீட்டில் யாரும் இதைப் பற்றி இனி பேசப்போவதில்லை. அப்பாவும் கேட்கப்போவதில்லை.

பெட்டியை வெளியே எடுத்தான்.

"குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஹெட்போனை மாட்டிப் பாரு பெனி."

"எனக்கு என்னங்க தெரியும்?" என்று சிரித்தாள். ஆனாலும் மாட்டிக்கொண்டாள். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை.

கடைக் கிதார் ஒன்றை வாங்கிப் பெட்டியில் செருகினான். வால்யூமை, அன்றைக்குக் கூட்டுவதற்கு முன்னால் இருந்த அளவில் நிறுத்தினான். அது எந்த எண் என்பது மறந்தால்தானே.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அந்த இடத்தையே வாசித்தான். அவள் தலை லேசாக ஆடியது. ரசிக்கிறாள்.

வாசித்துக்கொண்டே கூப்பிட்டான். அப்பா கூப்பிட்ட அதே அளவுக்கு, அதற்குமேல் துளியும் கூட்டாமல்.

"பெனி."

"ம்?" என்றாள்.

சிரித்துக்கொண்டே திரும்பியவள், காதிலிருந்த ஹெட்போனில் கை பட, பாதியில் நின்றாள்.

அவன் வாசிப்பதை நிறுத்தினான்.