பரம்பரைக் குரல்

கடைக்காரர் ஒரு பாட்டு சிடியைப் போட்டுக் காட்டிய நாலாவது சிடி பிளேயரையும் பெரியவர் உதட்டைப் பிதுக்கி ஒதுக்கினார்.

“தெளிவாத்தான் கேக்குது. ஆனா தகரத்தைத் தட்டின மாதிரி இருக்கே! பழைய இசைத்தட்டுல ஒரு கதகதப்பு இருக்கும் பாருங்க, அது வேணும்.”

“இவ்வளவு பாக்கறீங்களே, யாரு கச்சேரி ஐயா?”

“நம்ம குரல்தான். தாத்தா, அப்பா, இப்ப நான்.” பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினார். “இவ எங்க பொண்ணு வீட்டுக்கு மூணு மாசம் போறா. அங்கே சம்பந்தி வீட்டுக்காரங்க காதுல சன்னமா விழுந்தா எங்க குடும்ப மானம் என்ன ஆகிறது?”

“நாப்பது வருஷமா தினமும் கேக்கறேன்,” என்றாள் மனைவி. “ஒருநாள் கேக்கலைன்னாலும் எனக்கு ஆகாது.”

கடைக்காரர் சிலிர்த்துப்போனார். உள்ளே ஓடி, மரப்பெட்டிக்குள் அடக்கிய பிளேயர் ஒன்றைத் தூக்கி வந்தார். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சிடியைப் பயபக்தியோடு போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்.

“கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்...”

கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

“ஐயோ, மெஷின்ல ஏதோ கோளாறு!”

“கையை எடுங்க! கோளாறா? எங்க வம்சத்துக் குறட்டை ஐயா அது! இது காதுல விழாம இவளுக்குத் தூக்கமே வராது.” பெரியவர் மீசையைத் தடவியபடி திரும்பினார். “என்ன, கதகதப்பா இருக்கா?”

நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“இதையே எடுத்துக்கறேன்,” என்றார் பெரியவர் மெதுவாக. “ஆனா இப்ப நிறுத்திடாதீங்க. முழிச்சுக்குவா.”