மாமாவின் கோட்டு

இந்தப் பென்சனை விட்டால் பிள்ளைகளின் கஞ்சிக்கு எங்கே போவது? அரிசிப் பானையைச் சுரண்டியாயிற்று. மண்ணெண்ணெய் டின்னும் காலி. மில்லை மூடியதிலிருந்து செல்வாம்பாளின் மனசு இதையே சுற்றிச் சுற்றி வந்தது.

"ரிக்‌ஷா வந்துடுச்சு. அப்பாவுக்குக் கோட்டை மாட்டிட்டியா?" புருஷன் ராஜாங்கம் வாசலிலிருந்து அவசரப்படுத்தினான்.

மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஆளை நேரில் பார்த்தால்தான் பென்சன் கொடுப்பார்கள்.

"கையை மடக்கவே முடியலீங்க."

"பட்டாளத்துக்காரரு இல்ல? வெறைப்பாத்தான் இருப்பாரு. மெதுவா நுழை."

அந்தக் கைதான் நேற்றுத் தன் பங்குக் கஞ்சியைப் பேத்தியின் பக்கம் தள்ளிவிட்டது.

"வேணாங்க. மாமாவை இப்பிடி அலைக்கழிக்கணுமா?"

"இன்னிக்கு ஒரு நாளுதான். பசங்க வயித்தைப் பாரு. எவனாவது கேட்டா ஜொரத்துல தூங்குறாருன்னு சொல்லு. நீ பக்கத்துல ஒக்காந்து தாங்கிப் புடிச்சுக்க, போதும்."

செல்வாம்பாள் இரண்டு பொத்தான்களைப் போட்டாள். மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது.

"என்னா, தூக்கலாமா?" என்று ராஜாங்கம் உள்ளே வந்தான்.

அவள் போட்ட பொத்தான்களைக் கழற்றினாள். முந்தானை ஓரத்தைக் கிழித்து, ராத்திரியே மூச்சு அடங்கிவிட்ட மாமனாரின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள்.