நடுக்கடல் பட்டா

“இந்த வருசம் பொறந்த நிலத்துல ஒரு முழம் எங்கப்பா பேர்ல எழுதுங்க சார்.”

எதை வேண்டுமானாலும் கேள், நிலம் மட்டும் கேட்காதே என்று சர்வேயர் அஞ்சுகத்தை வளர்த்தவர் அந்த அப்பாதான். கேட்டு அடிபட்டவர்.

மிதக்கும் தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் வேதமூர்த்தி சிரித்தார்.

“டிகிரி வாங்கினா நிலமும் குடுப்பாங்களாம்மா? கடலடி மலையில வெடிப்பு விலகுது, நடுவுல புதுப் பாறை வருது. ரெண்டு பக்கத்துப் பட்டாதாரருக்கும் அது பரம்பரைச் சொத்து.”

“போன மாசம் வரைக்கும் நெருப்புக் குழம்பாக் கொதிச்சதுக்கு ஏது சார் பரம்பரை?”

“அளந்தவ நீதானே? கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பு.”

நீர்மூழ்கியில் இறங்கி, வெடிப்பு நெடுக இந்த வருடம் புதிதாக வந்த நாலு சென்டிமீட்டர் அகலத்தை அளந்தவள் அவள்தான். அவள் எழுதிக் கையெழுத்திட்டால், பிறகு தாசில்தாரே நினைத்தாலும் திருத்த முடியாது.

பதிவேட்டை இழுத்து, உரிமையாளர் கட்டத்தில் ‘புறம்போக்கு’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அவள் அப்பாவின் குடிசை நிற்பதும் புறம்போக்கில்தான்.

“ஏய், என்னம்மா எழுதின? வேலை போயிடும்!”

அஞ்சுகம் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினாள். கரைக்குப் போகும் படகில் அவள் பெட்டி காலையிலேயே ஏறியிருந்தது.