யானையாகும் தோசை

மழலைப் பள்ளி மேசையில் கிடந்த விளையாட்டு மாவு உருண்டைக்கு உடம்பெல்லாம் அசதி.

"என்னப்பா, இன்னைக்கும் யானைதானா?" என்றது பக்கத்திலிருந்த குட்டிப் பூரிக்கட்டை.

"வேறென்ன? இந்த நறுமுகை ஆசையாத் தட்டித் தட்டித் தோசை சுடுவா. அந்த நாலு தட்டுதான் எனக்குச் சுகம். அதுக்குள்ள டீச்சர், 'தோசையா? யானை செய்யணும்டா செல்லம்'னு என்னைப் பிடுங்கி, தானே உருட்டித் தும்பிக்கை வச்சு, போட்டோ எடுத்து அவ அம்மாவுக்கு அனுப்பிடுவாங்க. குழந்தையோட கைவண்ணமாம்!"

மறுநாள் அந்த நாலு தட்டுக்காக மாவு காத்துக் கிடந்தது. நறுமுகை அதைத் தொடவே இல்லை. டீச்சர் பக்கம் தள்ளிவிட்டு, போட்டோவுக்குச் சிரித்தபடி உட்கார்ந்துகொண்டாள்.