வயிறு நிறைஞ்சிருக்கு

"வாங்க சாப்பிடலாம்னு சொன்னா, உடனே உட்கார்ந்து சாப்பிட்டுடறதா?"

பெர்லித்தா டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

சங்ஹோவுக்கு ஒன்றும் புரியவில்லை. கொரியாவிலிருந்து கடற்கரை ஊரான இலோயிலோவுக்குக் கிறிஸ்தவ ஊழியம் செய்ய வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிரசங்கம், ஜெபக்கூட்டம் எல்லாம் அப்புறம். முதலில் பாஷையும் பழக்கவழக்கமும் படித்தாக வேண்டும். பையன் தேறிவிட்டான் என்று டீச்சர் சொன்னால்தான் தீவுக் கிராமத்துக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அப்படிப்பட்டவன், கடற்கரைத் தெருவில் மீன் விற்கும் லூர்திங் "காவோன் தா", அதாவது வாங்க சாப்பிடலாம், என்று கூப்பிட்டபோதெல்லாம் நேராக உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு நாள் இல்லை, வாரம் முழுக்க. கருவாடும் பலாக்காய்க் குழம்புமாக வெளுத்துக்கட்டியதோடு, நேற்று இன்னும் கொஞ்சம் சோறு வேறு கேட்டு வாங்கியிருக்கிறான். தெருவே சிரிக்கிறது.

"அது சும்மா மரியாதைக்குக் கூப்பிடறதுப்பா. சாப்பிடறப்ப யார் வாசல்ல போனாலும் கூப்பிடுவோம். போறவங்க 'வயிறு நிறைஞ்சிருக்கு'ன்னு சிரிச்சுட்டு நடையைக் கட்டணும்."

"எனக்குப் பசிச்சுது, டீச்சர்," என்றான் பாவமாக.

"பசிச்சா? அதுக்குப் போயும் போயும் அந்த வீட்லயா?"

இல்லாதப்பட்ட வீடு, அதனால்தான் திட்டுகிறார் என்று அவன் நினைத்துக்கொண்டான். கூடை சுமந்து பிழைக்கிறவள் வீட்டுச் சோற்றைப் போய் வழித்துத் தின்றோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் மத்தியானமே பரீட்சை. அந்த வீட்டு வழியாகவே போவோம், அவள் கூப்பிடுவாள், ஒழுங்காகப் பதில் சொல்கிறாயா பார்க்கிறேன் என்று டீச்சரும் கூடவே கிளம்பிவிட்டார். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை முணுமுணுத்தபடியே வந்தான் சங்ஹோ.

லூர்திங்கும் அவள் புருஷன் நெஸ்தோரும் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

"காவோன் தா, தம்பி."

"வயிறு நிறைஞ்சிருக்கு."

ஓர் எழுத்து பிசகவில்லை. சிரிப்புகூடச் சரியாக வந்தது. டீச்சர் திருப்தியாகத் தலையாட்டினார்.

லூர்திங்கின் முகம்தான் விழுந்துவிட்டது. மேசையில் மூன்றாவதாக ஒரு தட்டு போட்டு வைத்திருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"ஓ, உனக்கும் சொல்லிக் கொடுத்துட்டாங்களா?"

அவன் பதறிப்போய், வழக்கம் தெரியாமல் உங்கள் சோற்றைத் தின்றுவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று பாதி கொரிய பாஷையும் பாதி அவர்கள் பாஷையுமாகக் கொட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உன்னை யாரு மன்னிப்புக் கேட்கச் சொன்னா? முன்னெல்லாம் இதே டீச்சர் நாலு வாய் சாப்பிடாம இந்த வாசலைத் தாண்ட மாட்டாங்க. இவரு ஜெயில்லேர்ந்து வந்தாரு, அன்னையிலேர்ந்து இந்தத் தெருவுல எல்லாருக்கும் வயிறு நிறைஞ்சே இருக்கு. நீ ஒருத்தன்தான் தம்பி, பசியோட வந்தே."

நெஸ்தோர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

சங்ஹோ அதற்குமேல் நிற்கவில்லை. விறுவிறுவென்று போய் மூன்றாவது தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். தீவுக்கு அனுப்பினால் அனுப்பட்டும், அனுப்பாவிட்டால் போகட்டும்.

லூர்திங் வாசலைப் பார்த்தாள். குத்தலாக இல்லை, எப்போதும்போலத்தான் கூப்பிட்டாள்.

"காவோன் தா, டீச்சர்."

டீச்சரின் வாய் பழக்கதோஷத்தில் "வயிறு..." என்று ஆரம்பித்து, அப்படியே நின்றது.

செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். நெஸ்தோர் எழுந்து ஓடிப்போய் இன்னொரு தட்டு கொண்டுவந்தான்.

"நேத்து சொல்லிக் கொடுத்ததை மறந்துடு," என்றார் டீச்சர் சங்ஹோவிடம். "கொஞ்சம் தள்ளி உட்காரு."