எருக்கனின் மூன்றாவது உருவம்

“எருக்கனுக்குக் கீழ என் பேரு வரணும் சார்.”

எதை வேண்டுமானாலும் கேள், பேரை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே முத்தரசியிடம் சொல்லியிருந்தார்கள். வீடியோ கேமுக்காக அவள் வரைந்த செடிப்பூதம் எருக்கன். இலையைக் கிள்ளினால் எதிரியின் கண்ணில் பாலைப் பீய்ச்சும். அதைப் பிடிக்கத்தான் ஊர்ப்பட்ட பிள்ளைகள் விளையாடினார்கள்.

இயக்குநர் வரதன் சிரித்தார். “ரோட்டோரம் தானா முளைக்கிற செடிம்மா அது. அதுக்குப் போயி பேரா?”

“நீங்களும் அந்த ரோட்டுலதான சார் கார்ல வர்றீங்க? உங்க கண்ணுல ஏன் படல?”

அவர் முகம் சுருங்கியது. “சரி, விடு. எருக்கன் வளர்ந்து மாறுற மூணாவது உருவம் நாளைக்கு வேணும். வரைஞ்சாச்சா?”

“வரைஞ்சாச்சு சார். இந்த நோட்டுலதான் இருக்கு.”

நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு வெளியே நடந்தாள். கம்பெனி அடையாள அட்டையை உள்ளே வரும்போதே வரவேற்பில் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தாள்.